நிறத்துக்கு முன்னால் வேலையைப் பாருங்கள்: நடத்தையை வைத்துப் பறவையை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

ஏரிக்கரைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அந்தக் கறுப்புக் குருவி என்ன சார்?" பதிலுக்கு நான், "அது என்ன செஞ்சுக்கிட்டிருந்துது?" என்று கேட்டால் முழிப்பார்கள். நிறத்தைப் பார்த்த கண் வேலையைப் பார்த்திருக்காது.

கம்பியிலிருந்து பாய்ந்து, பூச்சியை அந்தரத்தில் பிடித்து, மறுபடி கம்பிக்கே வந்தால் அது கரிச்சான். பாறை மேல் நின்று வாலைத் தூக்கித் தூக்கிக் காட்டினால் ஆண் கருஞ்சிட்டு. அரசமரத்து இலைக்குள் ஒளிந்து பழம் தின்றுகொண்டிருந்தால் ஆண் குயில். பூவின் மேல் குட்டிக்கரணம் போட்டுத் தேன் குடித்தால் ஊதாத் தேன்சிட்டு. நிழலில் அதுவும் கறுப்புதான். நான்கையும் பிரிக்க நிறம் உதவவில்லை.

நம் முன்னோர் வைத்த பெயர்களிலேயே பாதி வேலைப் பெயர்கள்: ஆள்காட்டி, வாலாட்டி, முக்குளிப்பான், மரங்கொத்தி, நத்தைகுத்தி. இந்த வழிகாட்டியும் அதே வழியில்தான் போகிறது. தமிழ்நாட்டுச் சமவெளியின் ஏரி, வயல், தோப்பு ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மலைக்காட்டில் பறவைகள் மாறும். பார்க்கும் வரிசை மாறாது.

1. கிளம்புவதற்கு முன்

விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் நல்ல நேரம். இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவை காலையில் இடைவிடாமல் இரை தேடும். அடையாளம் சொல்வதே அந்தத் தேடல்தான். பதினொரு மணிக்குப் போனால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைகளைத்தான் பார்ப்பீர்கள்.

காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வெளிச்சத்தை எதிர்கொண்டு பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) போதும். 10 மடங்கு வாங்கியவர்கள் கை நடுக்கத்தோடும் குறுகிய பார்வைப் பரப்போடும் போராடுவதைப் பார்த்திருக்கிறேன். ஓடும் பறவையைத் தொடர அகலமான பார்வை வேண்டும். கேமராவை முதல் மாதம் வீட்டில் வையுங்கள். படம் எடுப்பவர் ஒரு நொடியைப் பிடிக்கிறார். நமக்கு வேண்டியது இரண்டு நிமிடம்.

சிறு நோட்டு, பென்சில். பனி ஈரத்தில் பேனா எழுதாது. வெள்ளைச் சட்டை வேண்டாம். புத்தகமும் போனில் உள்ள ஆப்பும் வரட்டும், ஆனால் பையை விட்டு வெளியே வரக்கூடாது. அவற்றின் முறை பிறகு வரும்.

2. ஐந்து அளவுகோல் பறவைகளை முதலில் படியுங்கள்

சிட்டுக்குருவி, மைனா, காகம், உண்ணிக்கொக்கு, கள்ளப்பருந்து. ஊரிலேயே கிடைக்கும் இந்த ஐந்தையும் ஒரு வாரம், மாடியிலிருந்தோ டீக்கடை பெஞ்சிலிருந்தோ பாருங்கள். புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இது. "காக்காயைப் போய் எதுக்குப் பார்க்கணும்?" என்பார்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, அளவு. தூரத்தில் நிற்கும் பறவை எத்தனை அங்குலம் என்று கண்ணால் சொல்ல முடியாது. மைனாவைவிடச் சிறிது, காகத்தைவிடப் பெரிது என்று சொல்ல முடியும். சிட்டுக்குருவி சுமார் 15 செ.மீ., மைனா 23, காகம் 40. மற்றவற்றை இந்த மூன்று படிகளுக்கு நடுவே பொருத்திவிடலாம்.

இரண்டாவது, அசைவு. மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும், காகம் இரண்டும் செய்யும். இதைக் கண் பழகிவிட்டால் வேறொரு பறவை தரையில் இறங்கியதும் "இது மைனா நடை இல்லையே" என்று தானாகத் தோன்றும்.

3. போனதும் பத்து நிமிடம் அசையாமல் இருங்கள்

நீங்கள் கரையேறியபோது அங்கிருந்த பறவைகள் செய்வதெல்லாம் உங்களுக்கான எதிர்வினை. கழுத்தை நீட்டும், தள்ளிப்போகும், கத்தும். அது அவற்றின் அன்றாட நடத்தை அல்ல. பத்து நிமிடம் மரத்தடியில் உட்கார்ந்தால் விட்ட வேலையைத் தொடர ஆரம்பிக்கும்.

நகர்ந்து நகர்ந்து பறவையைத் துரத்துகிறவர் திரும்பத் திரும்ப ஒரே நடத்தையைத்தான் பார்க்கிறார்: அது பறந்துபோவதை.

4. எந்த மாடியில் குடியிருக்கிறது?

ஒரு ஏரியை அடுக்குமாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தண்ணீர், இடுப்பளவு ஆழம், கணுக்கால் ஆழம், சேறு, கரைப் புல், கருவேலம் புதர், மரத்தின் தண்டு, மர உச்சி, மின்கம்பி, வானம். ஒவ்வொரு பறவைக்கும் தனக்கென்று ஒரு மாடி உண்டு. காலின் நீளமும் அலகின் நீளமும் அதற்கேற்பத்தான் இருக்கின்றன.

மாடியைக் குறித்துவிட்டாலே பாதிப் பறவைகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அல்லி இலை மேல் நடக்கிறதா? இலைக்கோழி வகை. கோரைக்குள் புகுந்து, தண்டைக் காலால் பிடித்துக் கிளிபோல் கடிக்கிறதா? நீலத் தாழைக்கோழி. வீட்டுக் கழிவுநீர்க் கால்வாய் ஓரத்தில் வாலை வெட்டி வெட்டி ஓடுகிறதா? வெண்மார்புக் கானாங்கோழி.

ஆள்காட்டியில் இரண்டு வகை. தண்ணீரை ஒட்டிய இடத்தில் பெரும்பாலும் சிவப்பு மூக்கு. தண்ணீரே இல்லாத வறண்ட பொட்டலில் மஞ்சள் மூக்கு. மூக்குத் தெரியாத தூரத்திலும் இடம் ஒரு துப்பு கொடுக்கும்.

5. எப்படிச் சாப்பிடுகிறது?

நேரத்தில் பாதியை இந்தப் படிக்கே கொடுங்கள். இறகு உதிர்ந்து முளைக்கும், குஞ்சுக்கும் தாய்க்கும் நிறம் வேறாக இருக்கும், வெயில் நிறத்தை ஏமாற்றும். சாப்பிடும் முறை அலகோடும் காலோடும் பிறந்தது. அது அவ்வளவு எளிதில் மாறாது.

வெள்ளைக் கொக்குகளை எடுத்துக்கொள்வோம். மாட்டின் காலடியிலும் டிராக்டரின் பின்னாலும் நடந்து, கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டி, எழும் வெட்டுக்கிளியைப் பிடிப்பது உண்ணிக்கொக்கு. ஆழமில்லாத தண்ணீரில் ஓடி, நின்று, காலால் சேற்றைக் கிளறி, சிறகை விரித்துத் திரும்பி, ஒரு இடத்தில் நிலைகொள்ளாமல் மீன் பிடிப்பது சின்னக் கொக்கு. கழுத்தை நீட்டி, சிலைபோல் நின்று, ஒரே குத்தில் எடுப்பது பெரிய கொக்கு. வெள்ளைதானே என்று மூன்றையும் ஒன்றாக எழுதிவைத்த நோட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

வரப்பில் மண்ணோடு மண்ணாகக் குறுகி உட்கார்ந்து, கிட்டே போகும்வரை அசையாமல், திடீரென்று வெள்ளைச் சிறகு பளிச்சிட எழுந்து போவது மடையான். குருட்டுக்கொக்கு என்று அதற்குப் பெயர் வந்ததே இந்தக் குணத்தால்தான்.

அடுத்து மீன்கொத்திகள். தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, அலகைக் கீழே நோக்கி, நேர்க்குத்தாக விழுவது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. தாழ்ந்த குச்சியில் உட்கார்ந்து தலையை மேலும் கீழும் ஆட்டி, அம்புபோல் நீர்மட்டத்தை ஒட்டிப் பறப்பது சிறிய நீல மீன்கொத்தி. குளமே இல்லாத வயல் நடுவில் கம்பியில் உட்கார்ந்து வெட்டுக்கிளிக்கும் ஓணானுக்கும் குறிவைத்தால் வெண்மார்பு மீன்கொத்தி. மீன்கொத்தி என்ற பெயரை நம்பி இதைத் தண்ணீர் ஓரத்திலேயே தேடுகிறவர்கள் உண்டு.

ஒரே மின்கம்பியில் மூன்று வேட்டைக்காரர்கள் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். மூவரும் பூச்சி தின்பவர்கள்; பிடிக்கும் இடம்தான் வேறு. பஞ்சுருட்டான் மேலே பாய்ந்து காற்றில் பிடிக்கும், திரும்பி வந்து தேனீயைக் கம்பியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும். பனங்காடை நெடுநேரம் அசையாமல் இருந்து தரையில் இறங்கி எடுக்கும். கரிச்சான் காற்றிலும் பிடிக்கும், தரையிலும் பிடிக்கும், மாட்டின் முதுகில் சவாரியும் செய்யும்.

தண்ணீரில் மூழ்குவதிலும் வேறுபாடு உண்டு. ஊசிவால் வாத்தும் புள்ளிமூக்கு வாத்தும் மூழ்காது. தலை தண்ணீருக்குள், வால் வானத்தைப் பார்த்து நிற்கும். தட்டைவாயன் அலகை நீர்ப்பரப்பில் வைத்து வடிகட்டிக்கொண்டே நீந்தும். சட்டென்று காணாமல் போய்ப் பத்தடி தள்ளி எழும் சின்ன உருண்டை, "வாத்துக்குஞ்சு" என்று எல்லோரும் காட்டுவது, முக்குளிப்பான். வாத்துக்குஞ்சு தாயின்றித் தனியாக நடுஏரியில் திரியாது.

நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கிப் பிடிக்கும். நீர்க்காகம் கொக்கி அலகால் கவ்வும். பாம்புத்தாரா ஈட்டி அலகால் குத்தி, மேலே வந்து மீனை உதறித் தூக்கிப்போட்டு விழுங்கும்.

அலகைத் தண்ணீருக்குள் வைத்து இடமும் வலமும் வீசிக்கொண்டே முன்னேறுவது கரண்டிவாயன். மஞ்சள் மூக்கு நாரையும் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துத் துழாவும், ஆனால் நிதானமாக. கண்ணால் தேடாமல் அலகின் தொடு உணர்வால் தேடுவதால்தான் கலங்கிய நீரிலும் இவற்றால் மேய முடிகிறது.

சேற்றுப் பறவைகளிலும் இதே பிரிவினைதான். ஓடி, நின்று, குனிந்து, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தியோ ஆள்காட்டியோ. கண்ணால் பார்த்து எடுப்பவை. தலை நிமிராமல் தையல் இயந்திரம்போலக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை. அலகால் தொட்டு எடுப்பவை.

6. வால், நடை, பறத்தல்

இரை தேடுவதைப் பார்த்து வகையைப் பிடித்தபின் இனத்தைப் பிரிக்க உதவுவது சின்னச் சின்னப் பழக்கங்கள்.

வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். தோப்பு நிழலில் நடக்கும் ஒரு வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் ஆட்டினால், அது குளிர்காலத்தில் வரும் கொடிக்கால் வாலாட்டி. மதகுக் கல்லில் தனியாக நின்று பின்பாகம் முழுவதையும் ஏற்றி இறக்கினால் வாலாட்டி அல்ல, உள்ளான். பறக்கும்போது விறைத்த சிறகுகளைத் துடிதுடித்து நீர்மட்டத்தை ஒட்டிப் போவதைப் பார்த்ததும் உறுதி செய்துகொள்ளலாம். வாலாட்டியோ அலையலையாக ஏறி இறங்கிப் பறக்கும்.

வானத்தில் பூச்சி பிடிக்கும் சிறு பறவைகளுக்கு ஒரே கேள்வி போதும்: கம்பியில் உட்கார்ந்ததா? உட்கார்ந்தால் உழவாரன் அல்ல. உழவாரனின் கால் செங்குத்தான சுவரிலோ பனையோலையிலோ தொற்றிக்கொள்ள மட்டுமே ஆனது. கம்பியில் வரிசையாக உட்காருவது தகைவிலான்.

பெரிய நீர்ப்பறவை தலைக்கு மேல் போகும்போது கழுத்தைப் பாருங்கள். மடக்கிக்கொண்டு போனால் கொக்கு வகை. நீட்டிக்கொண்டு போனால் நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன். சாம்பல் நாரை பெயரில் மட்டும் நாரை, பறப்பதில் கொக்கு. பெயர் வைத்தவர் அது உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருப்பார் போலிருக்கிறது.

பருந்துகளில் வால்தான் சுக்கான். வாலை ஓயாமல் இடமும் வலமும் திருகிக்கொண்டே வட்டமிடுவது கள்ளப்பருந்து. வயலுக்கு மேல் ஆளுயரத்தில் சிறகை ஆங்கில 'வி' போலப் பிடித்து மிதந்து போவது பூனைப்பருந்து. அது ஏரிக்கு மேல் வந்தால் வாத்துக்கூட்டம் மொத்தமாக எழும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பவை பெரும்பாலும் இரண்டு: வால் விசிறியாக விரிந்திருந்தால் செந்நிற வல்லூறு, சிறகை மேலே தூக்கியபடி படிப்படியாக இறங்கினால் கருந்தோள் பருந்து. பின்னது கம்பியில் வந்து உட்கார்ந்தபின் வாலை ஏற்றி இறக்கும்.

7. யாரோடு இருக்கிறது, யார் அதைத் துரத்துகிறார்கள்?

இது சின்னப் படி. ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் தத்தி, சருகைப் புரட்டி, ஒன்றோடொன்று சண்டைபோல் கத்தினால் தவிட்டுக்குருவி. ஒரு மரத்தைச் சுற்றிக் காகமும் கரிச்சானும் அணிலும் சேர்ந்து கத்தினால் கத்துபவற்றை விடுங்கள், இலைக்குள் தேடுங்கள். ஆந்தையோ, வல்லூறோ, பாம்போ உள்ளே இருக்கும்.

குரலைத் தனிச் சான்றாக வைக்காதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும்.

8. எழுதுங்கள், பிறகு நிறம், கடைசியில் புத்தகம்

இந்த வரிசையை மாற்றினால் இதுவரை செய்ததெல்லாம் வீண். புத்தகத்தைத் திறந்தவுடன் மனம் ஒரு படத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பறவையிடம் அந்தப் படத்தைத் தேடும். என்னோடு வந்த ஒருவர் பக்கம் புரட்டி நிமிர்வதற்குள் பறவை போய்விட்டது. நினைவில் மிச்சமிருந்தது புத்தகத்துப் பறவைதான்.

குறிப்பு வினைச்சொல்லில் இருக்கட்டும். என் நோட்டிலிருந்து ஒன்று: "காலை 6.50. வேலிக்கல். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது. புல்லில் நடந்து நடந்து மண்ணுக்குள் குத்துகிறது, தத்தவில்லை. நாய் வந்ததும் எழுந்தது. வண்ணத்துப்பூச்சி மாதிரி தள்ளாடிப் பறந்தது. இறங்கியதும் கொண்டையை விரித்து மூடியது." நிறம் ஒரு சொல்லும் இல்லை; கொண்டலாத்தி என்பதில் சந்தேகமும் இல்லை.

இதற்குப் பிறகு நிறம், அலகு, கால். அதன்பின் புத்தகம் அல்லது மெர்லின் போன்ற ஆப். ஆப் ஒரு பெயர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "இந்தப் பறவை நான் பார்த்த வேலையைச் செய்யுமா? இந்த மாதத்தில் இங்கே இருக்குமா?" வலசை வருபவை ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் இருக்கும். மே மாதம் வாத்துகளில் அபூர்வமான ஒன்றைக் கண்டதாகத் தோன்றினால் இன்னொரு முறை பாருங்கள்.

இரண்டு தனித்தனி நடத்தைகள் ஒரே பெயரைக் காட்டும்வரை பெயரை எழுதாதீர்கள். "மீன்கொத்தி, வகை தெரியவில்லை" என்பதும் முறையான பதிவுதான். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் 15 நிமிடப் பட்டியல் ஒன்று இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினாலே போதும்; அங்கும் உறுதியில்லாத பெயரைவிட உறுதியான வகைப்பெயர் மேல்.

9. சறுக்கும் இடங்கள்

ஈசல் நாள். மழை விட்டு ஈசல் கிளம்பிய மாலையில் காகம், மைனா, சிட்டுக்குருவி எல்லாம் பறந்து பறந்து பிடிக்கும். அன்றைக்கு, "அந்தரத்தில் பூச்சி பிடித்தது, ஆகவே கரிச்சான்" என்ற கணக்கு செல்லாது. கல்யாண முருங்கை பூத்த நாளும் அப்படித்தான். காகமும் மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டு வேலை பார்க்கும்.

ஒற்றை நடத்தையில் முடிவு கட்டுவது. சிறகை விரித்துக் காயவைத்தால் நீர்க்காகம் என்று முதல் வருடம் நான் எழுதிக்கொண்டே போனேன். பாம்புத்தாராவும் காயவைக்கும். தண்ணீருக்கு மேல் கழுத்து மட்டும் தெரிந்தால் பாம்புத்தாரா என்று திருத்திக்கொண்டேன். நீர்க்காகமும் சில நேரம் அப்படித் தாழ்ந்து நீந்தும் என்று பிறகுதான் தெரிந்தது. கழுத்து, அலகு, மீன் பிடிக்கும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபின்தான் அந்தப் பக்கத்தைத் திருத்த முடிந்தது.

வேஷக்காரர்கள். வல்லூறுபோலவே சிறகடித்து மிதந்து வரும் அக்காக்குயிலைக் கண்டு சிறு பறவைகளே கலங்கும். மரத்தில் இறங்கியதும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டினால் அது குயில் குடும்பம். பெண் குயிலைப் பார்த்து, புள்ளிபோட்ட வேறேதோ பருந்து என்று சொல்பவர்களும் உண்டு. பழமரத்தில் காகம் துரத்தத் துரத்த இலைக்குள் புகுந்து ஓடுவதைக் கவனித்தால் போதும்.

இன்னொன்று, பறவையை வரவழைக்கப் போனில் அதன் குரலைப் போடுவது. வந்து நிற்கும் பறவை எல்லைச் சண்டைக்கு வந்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது நீங்களே உண்டாக்கிய நடத்தை, குறிப்புக்கு உதவாது. அதற்கும் தொல்லை.

10. எப்போது விலக வேண்டும்

வாயில் புழுவை வைத்துக்கொண்டு தின்னாமல் ஒரே கிளையில் தவித்துக்கொண்டிருக்கும் பறவை, உங்கள் பக்கத்தில் கூடு வைத்திருக்கிறது. கூட்டையும் முட்டையையும் குலைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமம். நீங்கள் தொடாமலே நின்றாலும், உங்களைப் பார்த்துக் காகம் அங்கே வந்துவிடும்.

கோடையில் பொட்டலில் நடக்கும்போது ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால் முட்டை காலடியில் இருக்கலாம். அது கூடு கட்டுவதில்லை; சரளைக் கல்லுக்கு நடுவே, கல் நிறத்திலேயே இடும். அடுத்த அடியை முன்னால் வைக்காமல், வந்த தடத்திலேயே காலை வைத்துத் திரும்புங்கள். நன்றாகத் தள்ளிப் போய் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்து பைனாகுலரை எடுங்கள். பறவை நேராக முட்டைக்குப் போகாது. தூரத்தில் இறங்கும், கொஞ்சம் ஓடும், நிற்கும், வேறு பக்கம் பார்ப்பதுபோல் நடிக்கும், மறுபடி ஓடும், பிறகு மெல்ல உட்காரும். நோட்டை எடுத்து, நேரம் போட்டு, அந்த ஓட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள்.